சத்தம் கேட்டால் ஓடு

எங்கள் ஊரில் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார்கள். ஓடுவார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, பிள்ளை குட்டிகளை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர் அது. வீட்டுக்கு ஒருவராவது கம்பெனிக்குப் போனார்கள். பட்டாசுக்குள் அடைக்கும் கலவைக்கு அங்கே மருந்து என்று பெயர். அந்த மருந்து வெடிப்பதற்கு முன்னால் சில சமயம் ஒரு மூச்சு விடும். அதுதான் 'புஸ்'. அதற்கும் வெடிப்பதற்கும் நடுவே கிடைக்கிற நேரம்தான் உயிர்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த கதையைக் கேட்டுவிட்டு, என்னடா இது, பைத்தியக்கார ஊராக இருக்கிறதே என்று நினைத்துவிடுவீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்தாண்டின் பின்பாதி அது. நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை பார்த்தாள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் வந்து முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குவாளியோடு ஓடுவாள். அப்பா விருதுநகரில் ஒரு பருப்புக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வீட்டில் மிச்சம் இருந்தது நானும் என் குட்டித் தங்கையும், அப்புறம் அந்த விறகு அடுப்பும்.

அடுப்பு என்றால் சும்மாவா! சீமைக்கருவேல விறகு வெட்டிக்கொண்டு வரவேண்டும். முள் காலில் ஏறினால் நாலு நாள் நொண்ட வேண்டும். வெட்டியதைக் காயப்போட வேண்டும், உடைக்க வேண்டும், ஊதவேண்டும், கண்ணைத் துடைக்க வேண்டும், மறுபடி ஊதவேண்டும். பள்ளிக்கூடம் உள்ளூரிலேயே இருந்ததால் பத்தாவது வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டேன். பிளஸ் ஒன் படிக்க வேண்டுமென்றால் சாத்தூருக்குப் போகவேண்டும். காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் போய்ப் பிரயோஜனமில்லை. அம்மா கணக்கு சுலபமானது. "நான் வேனுக்குப் போயிருதேன். நீ பஸ்ஸுக்குப் போயிட்டா அடுப்ப யாரு பாப்பா? சின்னக் கழுதைக்கு யாரு சோறு போடுவா? பத்தாவது போதும் புள்ள. பேசாம எங்கூடக் கம்பெனிக்கு வா."

எனக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். அதுவும் அந்த வருஷம்! எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ஒரு நாள் கரும்பலகை முழுக்கக் கோடு கோடாகப் போட்டார். ஒவ்வொரு நாட்டிலும் ஓர் ஆள் வருஷத்துக்கு எவ்வளவு எரிசக்தி செலவழிக்கிறார் என்பதற்கு ஒவ்வொரு கோடு. பணக்கார நாட்டுக் கோடு மேலே மேலே போய், டீச்சர் எக்கி நின்றும் கை எட்டவில்லை. நம் நாட்டுக் கோடு டீச்சரின் இடுப்புக்குக்கூட வரவில்லை. கோடு உயர்ந்தால் ஆஸ்பத்திரி உயரும், படிப்பு உயரும், ஆயுசு உயரும் என்றார். கூடவே புகையும் உயரும், அந்தப் புகையால் பூமி சூடாகும், பெய்ய வேண்டிய மழை பெய்யாது, பெய்யக் கூடாத நேரத்தில் பெய்யும் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. விறகு, கரண்டு, பெட்ரோல், நிலக்கரி எல்லாம் ஒரே கணக்கா! நான் ஊதி ஊதிக் கண் சிவக்கிற அடுப்பும், யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஓட்டுகிற காரும் ஒரே பலகையிலா! உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று கேட்டேன்.

"டீச்சர், நாம செய்யிற பட்டாசு யார் கணக்குல வரும்? செஞ்சவங்க கணக்குலயா, வெடிச்சவங்க கணக்குலயா?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் உருட்டினார். "வெடிச்சவங்க கணக்குல எழுதணும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எழுதுறவங்களும் அவங்கதானே" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தலைகீழாக நின்றாவது பிளஸ் ஒன்னில் சேர்ந்துவிட வேண்டும்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அம்மாவைச் சேலைகூட மாற்றவிடாமல் பிடித்துக்கொண்டு அத்தனையும் ஒப்பித்தேன். அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. சீகைக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம ஊருக்கு எம்புட்டு உசரம் கோடு?"

"நம்ம ஊருக்குக் கோடெல்லாம் இல்லம்மா. ஒரு புள்ளி வச்சாலே சாஸ்தின்னு சொன்னாக."

"சரி. பூமி சூடாகுதுன்னா, வெயிலு இன்னமும் கூடுமா?"

"கூடும்."

"நல்லதுதான! சரக்கு சீக்கிரம் காயும்."

தலையில் அடித்துக்கொண்டேன். பட்டாசுக்கு வெயில்தான் முதலாளி. வெயில் இல்லாவிட்டால் சரக்கு காயாது, சரக்கு காயாவிட்டால் வேன் வராது. மழையும் நேரங்கெட்ட நேரத்தில் பெய்யுமாம் என்று சொன்னபோதுதான் அம்மாவின் கை நின்றது. "அவுக எரிச்சதுக்கு நமக்கு மழையா? பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாக" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவினாள்.

இந்த நேரத்தில்தான் அந்தச் சேதி வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கமே இலவசமாக கேஸ் அடுப்பு தருகிறதாம்! எங்கள் வீட்டுக்கும் உண்டாம்! நான் தெருவில் குதித்த குதியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை, "என்ன, ஒனக்கு மாப்பிள்ளையா வருது?" என்றாள். மாப்பிள்ளை என்ன மாப்பிள்ளை! அடுப்பு வந்தால் விறகு வேண்டாம். ஊதவேண்டாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் சோறு. தங்கைக்கு ஊட்டி, அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடித்துவிடலாம். எனக்கு அது அடுப்பே இல்லை, சாத்தூர் பஸ்.

அடுப்பு வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். அத்தனை பேரும் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். அப்பா சட்டை போட்டிருந்தார். மாட்டிக்கொடுக்க வந்த ஆள் டவுன்காரர். சிலிண்டரைச் செல்லமாகத் தட்டி, "பாத்துக்கோங்கம்மா, இதுதான் இனிமே உங்க வீட்டு மகாலட்சுமி" என்று வசனமெல்லாம் பேசினார். மூடியைக் கழற்றினார். உள்ளே கேஸ் இருக்கிறதா என்று காட்டுவதற்காக சிலிண்டரின் வாய்க்குள் இருந்த ஊசியை லேசாக அழுத்தினார்.

புஸ்.

கெட்டது குடி! ஒரு கத்தல் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. பழகிய கால்கள் அல்லவா, அவை பாட்டுக்குக் கிளம்பிவிட்டன. அம்மா தங்கையை இடுப்பில் அள்ளிக்கொண்டு என் சடையைப் பிடித்து இழுத்தாள். நானும்தான் ஓடினேன், மறைப்பானேன்? அத்தை முள்வேலியைத் தாண்டினாள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அப்பா எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் போய் எல்லோரும் குப்புறப் படுத்துக்கொண்டோம். காதைப் பொத்திக்கொண்டோம். காத்திருந்தோம்.

ஒன்றும் வெடிக்கவில்லை.

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தால், எங்கள் வாசலில் அந்த மனிதர் ரெகுலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, திருவிழாவில் காணாமல் போன பிள்ளைபோல் நாலு திசையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "ஏம்மா... எல்லாரும் எங்க போயிட்டீங்க?" என்று அவர் கூப்பிட்ட குரல் கண்மாய் வரைக்கும் கேட்டது. முதலில் அத்தைதான் சிரித்தாள். அப்புறம் கரை முழுக்கச் சிரிப்பு. வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நேராக அந்த ஆளிடம் போனாள். "தம்பி, இத எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. "மருந்தத் தொறந்து வச்சா மத்தாப்பு, இறுக்கி அடைச்சா வெடி. இது எங்க தொழிலு தம்பி, எங்களுக்குத் தெரியும். இத இரும்புக்குள்ள இல்ல அடைச்சிருக்கு? வெடிய அடுப்படியில வச்சு யாராவது சோறு பொங்குவாகளா?"

அந்த ஆள், திருப்பி எடுத்துப்போக எனக்கு உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டு, விளக்க அட்டையை என் கையில் திணித்துவிட்டு வண்டி ஏறிவிட்டார். அம்மா அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சிலிண்டரை வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் கொண்டுபோய் வைக்கும்படி அப்பாவிடம் சொன்னாள். ஈரச் சாக்கைச் சுற்றினாள். அதைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டாள். மகாலட்சுமி முள்வேலிக்குள் போய்விட்டாள். என் பிளஸ் ஒன் புஸ்வாணமாகிப் போயிற்று.

அம்மா கோழை என்று நினைத்துவிடாதீர்கள். தீக்கு அவள் பயப்படவே மாட்டாள். எரிகிற கொள்ளியைக் கையால் எடுத்து நகர்த்துவாள். பயம் அந்தச் சத்தத்துக்குத்தான். நான் சின்னவளாக இருந்தபோது அம்மா வேறு ஒரு கம்பெனியில் இருந்தாள். அங்கே ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டது. அம்மா ஓடிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய சிநேகிதி, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவள் வெளியே வரவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் சாமி கும்பிடச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது: சத்தம் கேட்டால் ஓடு, திரும்பிப் பார்க்காதே.

எனக்கு இது தெரியும். தெரிந்தும் என் வாய் சும்மா இருக்குமா? விளக்க அட்டையை மனப்பாடம் செய்துவிட்டேன். அம்மா தலை சீவும்போது, அரிசி களையும்போது, படுக்கும்போது, எந்த நேரமும் அதே ராகம். "ஜன்னலத் தொற. ரெகுலேட்டர மாட்டு. வலது பக்கம் திருப்பு. தீக்குச்சியக் கிழி. குச்சிய அடுப்புக்கிட்ட கொண்டுபோ. அப்புறம் குமிழத் திருகு." வாய்ப்பாடு மாதிரி. தங்கைகூட அதைப் பாட்டாகப் பாட ஆரம்பித்துவிட்டாள். அம்மா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "ஏட்டி, ஒன் வாயி வலிக்காதா?" என்பாள், அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்தது. முடிவும் வந்தது. நல்ல மார்க். டீச்சரே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஞாயிற்றுக்கிழமை அல்வா வாங்கி வந்தார். சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதக் கடைசி நாள் நெருங்கியது. நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சரி புள்ள. ஒரே பேச்சு. கடைசி நாளன்னைக்கு விறகு அடுப்புலயே அம்புட்டு வேலையும் முடிச்சு, அவளுக்கு ஊட்டிவிட்டுட்டு, பஸ்ஸையும் பிடிச்சிட்டேன்னா போ. ஒன் அப்பாவ நேரா பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுதேன். பிடிக்க முடியலன்னா அப்புறம் படிப்புப் பேச்சே இருக்கக் கூடாது."

சரி என்றேன். ஏன் சொல்லமாட்டேன்! காய்ந்த விறகாகப் பொறுக்கி வாசலில் அடுக்கினேன். சட்டி பானையை வரிசையாக எடுத்து வைத்தேன். யூனிஃபார்மைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்தேன். வெற்றி என் பக்கம்தான் என்று தங்கையிடம் பந்தயம்கூடக் கட்டினேன்.

மழை வந்தது.

வைகாசியில் மழை! எங்கள் பக்கத்தில்! அக்கினி நட்சத்திரம் முடிந்து மண் வறுபடுகிற நாளில் விடாமல் கொட்டியது. டீச்சர் சொன்ன புகைக்கும் இந்த மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு இன்றைக்கும் அடித்துச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "ஒங்க டீச்சரு வாய வச்சிட்டாக" என்றாள். சரக்கு காயவில்லை, வேன் வரவில்லை. கடைசி நாள் காலையில் அம்மா வேலையில்லாமல் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அடுக்கியிருந்த விறகு முழுக்க நனைந்து ஊறிப்போயிருந்தது. அதை அடுப்பில் வைத்து ஊதினேன். புகை. மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றினேன். குப்பென்று எரிந்து அணைந்தது. மறுபடி புகை. ஊதாங்குழலை வைத்து ஊதினேன், நெஞ்சு வலிக்க ஊதினேன். உலை சுடக்கூட இல்லை. தங்கை இருமினாள், பசிக்கிறது என்று அழுதாள். பஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகையால்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஊதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அம்மா எழுந்தாள். ஊதாங்குழலை என் கையிலிருந்து பிடுங்கி மூலையில் எறிந்தாள். புகைகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளையும் கொண்டை ஊசியையும் கழற்றி மாடத்தில் வைத்தாள். கம்பெனிக்குள் நுழையும்போது இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று கழற்றுவார்கள். அதே மாதிரி. கொட்டுகிற மழையில் வேப்ப மரத்தடிக்குப் போனாள். முள்ளைக் காலால் தள்ளினாள். சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தங்கச்சியத் தூக்கு. வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போயி நில்லு. நான் கூப்பிடாம வரக் கூடாது. சத்தம் கேட்டா ஓடு. திரும்பிப் பாக்காம ஓடு. அத்தை வீட்டுல போயி சொல்லு."

"அம்மா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நான் பத்த வைக்கேன்..."

"போன்னா போ!"

கம்பெனியில் ஆபத்தான கலவை வேலை என்றால் ஒருவர்தான் உள்ளே இருப்பார். மற்றவர்கள் எட்டத்தில் நிற்பார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு பயம் போகவில்லை. அது வெடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். வெடிக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பற்றவைக்கப் போகிறாள். என் பஸ்ஸுக்காக.

தங்கையைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றேன். உள்ளே இழுக்கிற சத்தம், உருட்டுகிற சத்தம். பிறகு ஜன்னல் திறந்தது. அம்மாவின் குரல் கேட்டது. யாரிடம் பேசுகிறாள் என்று காதைக் கூர்மையாக்கினேன்.

"ஜன்னலத் தொற... ரெகுலேட்டர மாட்டு... வலது பக்கம் திருப்பு..."

என் பாட்டு! ஒரு சொல் பிசகாமல் என் பாட்டு! காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு அத்தனையையும் உள்ளே வாங்கி வைத்திருக்கிறாள் மனுஷி! தங்கை என் தோளில் இருந்தபடியே கூடச் சேர்ந்து பாடினாள். "தீக்குச்சியக் கிழி..." குரல் நின்றது. புஸ் என்றது. மழைச் சத்தத்துக்குள்ளும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் கால் தானாகத் திரும்பியது.

டப்!

ஓடினேன். தங்கையை அணைத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி, எழுந்து, மறுபடி ஓடி, அடுப்படிக்குள் போய் அம்மாவின் முதுகில் மோதித்தான் நின்றேன்.

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கையில் எரிந்து முடிந்த தீக்குச்சி. அடுப்பில் நீலமாக, வட்டமாக, சத்தமில்லாமல் தீ எரிந்துகொண்டிருந்தது. புகை என்கிற பேச்சே இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். பளீரென்று தோளில் ஓர் அடி வைத்தாள்.

"என்ன சொன்னேன் ஒங்கிட்ட? சத்தம் கேட்டா ஓடுன்னு சொன்னேனா இல்லியா?"

"ஓடித்தானம்மா வந்தேன்!"

அம்மா எங்கள் இருவரையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். என் தலைக்கு மேலாக அடுப்பை எட்டிப் பார்த்தாள்.

"வெடி இல்ல புள்ள, மத்தாப்புதான்" என்றாள்.

உலை கொதித்த வேகத்தைப் பார்த்து மூன்று பேரும் கத்தினோம். வெந்ததும் வேகாததுமாகச் சோற்றை வடித்து, அம்மாவே என் டிபன் பாக்ஸில் அமுக்கி வைத்தாள். தங்கைக்கு அவளே ஊட்டுகிறாளாம். மார்க் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என் இடுப்பில் செருகினாள். முக்கில் பஸ் ஹாரன் அடித்தது. நான் வாசலில் தயங்கி நின்று அம்மாவைப் பார்த்தேன்.

"என்ன திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்க? சத்தம் கேக்குதுல்ல? ஓடு!"